ஒரு பேச்சுக்குக் கேட்டது

எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் கேட்பது இரண்டு வகை. பதில் தெரியவேண்டும் என்று கேட்பது ஒன்று. கேட்கவே இல்லை என்ற பேச்சு நாளைக்கு வந்துவிடக் கூடாதே என்று கேட்பது இன்னொன்று. பந்தியில் இலையை மூடப்போகிறவரிடம் "இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா?" என்பது இரண்டாம் வகை. அவர் "போதும், போதும்" என்று சொல்லவேண்டும். "வைங்க" என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டால் கேட்டவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. உள்ளே பாத்திரம் காலியாகியிருக்கும்.

என் பிழைப்பே இந்த இரண்டாம் வகைக் கேள்வியில்தான் ஓடுகிறது. நான் கப்பல் தரகர். மயிலாப்பூரில் லஸ் பக்கம், ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் அலுவலகம். சரக்கு வைத்திருப்பவருக்குக் கப்பலும், கப்பல் வைத்திருப்பவருக்குச் சரக்கும் தேடிக் கொடுக்கிறேன். கல்யாணத் தரகர் வேலைதான், ஜாதகம் மட்டும் கிடையாது.

நம் நாட்டுத் துறைமுகம் ஒன்றிலிருந்து நம் நாட்டுத் துறைமுகம் இன்னொன்றுக்குச் சரக்கு போகவேண்டுமானால், அந்த வேலையில் முதல் உரிமை நம் கொடி பறக்கும் கப்பலுக்கு. வெளிநாட்டுக் கப்பலைப் பிடிக்க ஆசைப்படுகிறவர், "இப்படி ஒரு சரக்கு இருக்கிறது, உங்களிடம் கப்பல் உண்டா?" என்று உள்ளூர் முதலாளிகளை முறையாகக் கேட்கவேண்டும். வெளிக் கப்பல் விலை குறைவென்றால், அதே விலைக்கு இறங்கிவர உள்ளூர்க்காரருக்கு ஒரு வாய்ப்பு தரவேண்டும். எல்லோரும் கைவிரித்த பிறகுதான் வெளிக் கப்பலுக்கு அரசு லைசென்ஸ் தரும். சில சரக்குகளுக்கு இதைத் தளர்த்தியிருக்கிறார்கள், சட்டத்தையும் புதுப்பித்திருக்கிறார்கள். ஆனாலும் என் மேசைக்கு வருகிற சரக்குகளுக்கு நான் இன்னும் கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பெண்ணை வெளியே கொடுக்குமுன் முறைப்பையன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவேண்டும், அவர்கள் வேண்டாம் என்ற பிறகுதான் வெளி வரன் பார்க்கலாம் என்பது எங்கள் வீடுகளில் நேற்றுவரை இருந்த சட்டம். மத்திய அரசு அதை எங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இந்த விதியில் எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. அதை எந்தச் சபையிலும் சொல்வேன். இவ்வளவு நீளக் கடற்கரையை வைத்துக்கொண்டு, சிமென்ட்டையும் உப்பையும் டைல்ஸையும் லாரியில் ஏற்றிக் கிண்டியில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கிறோம். கடலில் ஓட உள்ளூர்க் கப்பல் போதாது, வெளிக் கப்பலை விடவும் மனசு வராது. தானும் படுக்கமாட்டான் தள்ளியும் படுக்கமாட்டான் என்றால் சரக்கு எப்படித்தான் போகும்? கதவைத் திறந்துவிடுங்கள், யார் நன்றாகச் செய்கிறாரோ அவர் செய்யட்டும் என்பது என் கட்சி.

எங்கள் சொந்தத்தில் இதற்கு நேர் எதிர்க்கட்சி என் அத்தான், அதாவது என் அத்தை மகன். வெகுகாலம் சரக்குக் கப்பல்களில் அதிகாரியாக இருந்துவிட்டுக் கரையேறி, கூட்டாளிகள் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு பழைய கப்பலை வாங்கினார். கூட்டாளிகள் போய்விட்டார்கள், கப்பல் மட்டும் அவரிடம் நின்றது. அடையாறில் வீடு. ஒரே ஒரு கப்பலுக்கு முதலாளி என்றாலும் உள்ளூர்க் கப்பல்களின் உரிமைக்காக எந்தக் கூட்டத்திலும் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

தி.நகர் மண்டபம் எதிலாவது கல்யாணம் என்றால் எங்களை எதிரெதிர் இலையில் உட்காரவைப்பது சொந்தக்காரர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. சாம்பார் வரும்போதே ஆரம்பித்துவிடுவோம். நான் தி.நகரிலேயே பிறந்து வளர்ந்தவள் என்றாலும், சொந்தத்துக்குள் பேசும்போது இரண்டு பேருக்கும் நெல்லைப் பேச்சுதான் வரும்.

"ஏ பிள்ள, வெளிநாட்டுக் கப்பல்காரன் எண்ணெய்க்கு என்ன மாதிரி வரி கட்டுதானா? அவன்கிட்ட வேலை பாக்கவன் சம்பளத்துல இந்த ஊருக்கு ஏதும் வருதா? ஒருத்தன் காலக் கட்டிப் போட்டுட்டு ரெண்டு பேரும் ஓடுங்கன்னா, அது ஓட்டப்பந்தயமா?" என்பார் அவர்.

"அப்ப உங்க கால அவுக்கச் சொல்லுங்க அத்தான். அவன் காலையும் கட்டுன்னு எதுக்குக் கேக்கிய?" என்பேன் நான்.

"நாளைக்கு எங்கயாவது சண்டை வந்துச்சுன்னா அவன் கயித்த அவுத்துக்கிட்டுப் போயிட்டே இருப்பான். அன்னைக்கு நம்ம கரைக்கு நம்ம கப்பல்தான் நிக்கும்."

"அந்த ஒரு நாளுக்காக மீதி நாளெல்லாம் லாரிப் புகையக் குடிக்கணுமாக்கும்."

பக்கத்து இலைக்காரர்கள் கையில் எடுத்த உருண்டையை வாயில் போடாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பாயசம் வந்ததும் இருவரும் நிறுத்திக்கொள்வோம். பாயசத்துக்கு எந்தக் கட்சியும் கிடையாது.

அவர்தான் எனக்கு முறைப்பையன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என்னோடு கல்லூரியில் படித்த மயிலாப்பூர்ப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றபோது, அப்பா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கி வந்தார். ஆனால் முறை கேட்காமல் வெளியே, அதுவும் வேறு சாதியில் கொடுத்தால், தன் அக்கா வீட்டு வாசலை அவர் மிதிக்க முடியாது. அத்தான் அப்போது கப்பலில் புதிதாய்ச் சேர்ந்து, விடுமுறைக்கு வந்திருந்தார். எங்கள் தி.நகர் வீட்டுக்கு அவரை வரவழைத்து அப்பா கேட்டார். காப்பி கொண்டுவந்த நான் அங்கேயே நின்றேன்.

"மாப்ள, இவ வேலைக்குப் போயே தீருவேங்கா. மெட்ராஸ விட்டு வரமாட்டேங்கா. அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னுகூடத் தெரியாது. நீ வருசத்துல முக்கால்வாசி நாளு கடல்ல கெடக்கவன். உனக்கு இது தோதுப்படாதுல்லா?"

அத்தான் டம்ளரைப் பார்த்தார். "தோதுப்படாது மாமா" என்றார்.

அப்பாவுக்கு மூச்சு வந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என் கணவருக்கு "வெளிநாட்டுக் கப்பல்" என்று பட்டப்பெயர் வைத்தது பிற்பாடு நான்தான். "முறையா உங்காத்துல லைசென்ஸ் வாங்கிண்டு வந்தவனாக்கும்" என்று அவரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். இதைச் சொல்லி அத்தான் எதிரிலேயே பலமுறை சிரித்திருக்கிறோம். அவரும் சிரிப்பார்.

சில மாதங்களுக்கு முன்னால் என்னிடம் காற்றாலை இறக்கைகள் வந்தன. சென்னைக்கு வெளியே செய்து, குஜராத்தில் கொண்டுபோய் நிறுத்தவேண்டியவை. ஓர் இறக்கையைக் கிடத்தினால் எங்கள் அலுவலகத் தெரு அடைத்துக்கொள்ளும். ரோட்டில் கொண்டுபோனால் வளைவுக்கு வளைவு மரத்தை வெட்டு, மின்கம்பியைத் தூக்கு, போலீஸைக் கூப்பிடு என்று ஆயிரம் வேலை. கடல்தான் வழி. சரக்குக்காரர் ஏற்கெனவே ஒரு வெளிநாட்டுக் கப்பலைப் பார்த்து வைத்திருந்தார். சென்னையில் எதையோ இறக்கிவிட்டுக் காலியாக மேற்கே திரும்பப்போகிற புதுக் கப்பல், விலையும் மலிவு. ஆகவே உள்ளூர்க்காரர்களைக் கேட்பது ஒரு பேச்சுக்குத்தான்.

இந்தக் கேள்வியை எழுதுவதில் எனக்குத் தொழிலில் நல்ல பெயர் உண்டு. கப்பலுக்குப் பதினைந்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது என்று ஒரு வரி போட்டால் உள்ளூரில் பாதிப் பேர் ஒதுங்கிவிடுவார்கள். இந்த வாரக் கடைசிக்குள் சென்னையில் வந்து நிற்கவேண்டும் என்று இன்னொரு வரி போட்டால் மீதிப் பேரும் ஒதுங்கிவிடுவார்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. சரக்குக்காரர் தன் விருப்பத்தைச் சொல்கிறார், நான் எழுதுகிறேன். எல்லாத் தரகர்களும் செய்வதுதான். வழக்கம்போல அனுப்பினேன். "இல்லை", "தற்சமயம் இல்லை", "வருந்துகிறோம்" என்று பதில்கள் வரிசையாக வந்து சேர்ந்தன. கெடு முடியும் தறுவாயில் அத்தானிடமிருந்து ஒரு பதில் வந்தது. "கப்பல் உண்டு, சென்னையிலேயே நிற்கிறது. வயது நிபந்தனை இந்தச் சரக்குக்குத் தேவையற்றது. ஆட்சேபிக்கிறேன்."

துறைமுக வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் என் சகா சைதாப்பேட்டைக்காரர். என் தோளுக்குப் பின்னாலிருந்து கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டா, உங்க அத்தான் இலையப் போட்டுக் குந்திக்கினு கீறாரு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்த ஆட்சேபணை மேலே போனால் லைசென்ஸ் இழுபடும். சொந்தக்காரர் என்பதால் நான்தான் தகவல் சொல்லிக் கிளப்பிவிட்டேன் என்று சரக்குக்காரர் நினைப்பார்.

மறுநாள் காலையில் அத்தானே மாடியேறி வந்தார். என் அலுவலகத்துக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. காப்பி வேண்டாம் என்றார்.

"எதுக்கு அத்தான் இந்த வம்பு? உங்க கப்பல் பழசுன்னு எல்லாத்துக்கும் தெரியும்."

"பழசுதான். ஓடாதுன்னு சொல்லு பாப்போம்."

"சரக்குக்காரருக்குப் புதுக் கப்பல்தான் வேணுமாம்."

"எறக்கைக்கு வேணுமா, அவருக்கு வேணுமா?"

தன் கப்பலின் மேல்தளம் எவ்வளவு நீளம், கிரேன்கள் எவ்வளவு எடை தூக்கும், எந்தச் சான்றிதழ் எதுவரை செல்லும் என்று நிதானமாகச் சொன்னார். கல்யாண வீட்டில் உரத்துப் பேசுகிறவர், இங்கே குரலே எழுப்பவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

"இது கெடைக்கலேன்னா வித்துருவேன் பிள்ள. ஒடைக்க வாங்குதவன் வாராவாரம் போன் போடுதான். சரக்கில்லாம நங்கூரத்துல கெடக்கு. அதுல இருக்க பயலுவ எல்லாம் தூத்துக்குடி, ராமநாதபுரம். சம்பளத்துல நான் கொற வைக்கல. ஆனா எத்தன நாளுதான் அடிச்ச எடத்துலயே பெயின்ட் அடிச்சிக்கிட்டு இருப்பானுவ?"

"பாவம்தான் அத்தான். அதுக்காக எரக்கப்பட்டுச் சரக்குக் குடுக்க முடியுமா?"

"எரக்கம் யாரு கேட்டா? கதவத் தொறங்க, எவன் நல்லாச் செய்யுதானோ அவன் செய்யட்டும்னு பந்திக்குப் பந்தி நீதான சொல்லுவ. நான் கதவுகிட்ட வந்து நிக்கேன். என் கப்பல் வயசக் காட்டிச் சாத்துதியே."

எழுந்தார். வாசல் வரை போனவர் நின்று திரும்பினார்.

"கேக்கறதுல நீ அப்படியே உங்கப்பாதான். அன்னைக்கு மாமா கேட்ட கேள்விக்குள்ளயே பதில் இருந்துச்சு. நீ அனுப்புன கேள்விலயும் இருந்துச்சு. அன்னைக்கு மாமா மொகத்துக்காகச் சொன்னேன். இன்னைக்குச் சொல்ல முடியாது பிள்ள, எங்கிட்ட கப்பல் இருக்கு."

அவர் படியிறங்கிப் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர், கப்பலுக்கும் அவருக்கும் காத தூரம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவர் கேக்கறது நியாயந்தானே? உன் பிரசங்கமெல்லாம் மத்தவாளுக்கு மட்டுந்தானா?" என்றார்.

"கப்பலைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. ஆனா அன்னிக்கு உங்காத்துல அவர் என்ன சொல்லப்போறாரோன்னு பனகல் பார்க்ல உக்காந்துண்டு நான் பட்ட பாடு தெரியும். அவர் வாயில அந்த ஒரு வார்த்தை வரலேன்னா நீயேது, நானேது?"

அடுத்து நான் செய்ததை நன்றிக்காகச் செய்தேன் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. தொழிலில் நன்றியைக் கலந்தால் தொழிலும் கெடும், நன்றியும் கெடும். எனக்கு உறைத்தது என் கட்சிதான். திறந்த கதவு என்று ஊரெல்லாம் பேசுகிறேன். என் மேசையில் இருக்கிற ஒரே கதவை, நன்றாகச் செய்யக்கூடியவரா இல்லையா என்று பார்க்காமலே ஒருவர் முகத்தில் சாத்தியிருக்கிறேன். வெளிக் கப்பலை உள்ளே விடுவதற்காக உள்கப்பலை வெளியே நிறுத்துவதற்குத் திறப்பு என்று பெயரில்லை. அத்தான் என் வசனத்தை வைத்தே என்னை மடக்கிவிட்டார் என்பதில் எரிச்சல் இருந்தது. ஆனால் வசனம் சரியானதுதான்.

சரக்குக்காரரைப் போனில் பிடித்து, வயது நிபந்தனையை எடுத்துவிட்டுப் புதிதாகக் கேட்கலாம் என்றேன். அவர் குரல் மாறியது.

"மேடம், நீங்க நம்ம பக்கமா, உங்க சொந்தக்காரர் பக்கமா?"

"உங்க இறக்கை பக்கம் சார். ஆட்சேபணை மேலே போனா உங்க வெளிநாட்டுக் கப்பல் காத்துக்கிட்டு நிக்காது. சரக்குக்கு என்ன தேவையோ அதை மட்டும் கேப்போம். அவர் கப்பல் சரியில்லேன்னா இன்ஷூரன்ஸ் சர்வேயரே வேண்டாம்னு எழுதிடுவார். அப்புறம் யாரும் வாயைத் திறக்க முடியாது. சரியா இருந்தா, அதே விலைக்கு வரச் சொல்லுங்க. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

அவர் சரி என்றார். கெட்டிக்கார வியாபாரி, கோபத்தை வைத்துக்கொண்டு கணக்கைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது தடவை அந்தக் கேள்வியை எழுத எனக்கு வெகுநேரம் பிடித்தது. பதில் தெரியாமல் கேள்வி எழுதிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. இவ்வளவு நீள மேல்தளம், இவ்வளவு எடை தூக்கும் கிரேன், செல்லுபடியாகும் சான்றிதழ், சர்வேயரின் ஒப்புதல். அவ்வளவுதான் எழுதினேன். அத்தானுக்குப் போன் செய்து, "வெலையில ஒத்தப் பைசா சலுகை கெடையாது. பழைய கப்பலுக்கு இன்ஷூரன்ஸ்காரன் கேக்கற கூடுதல் பணமும் உங்க தலையிலதான்" என்றேன்.

"நான் கேட்டனா?" என்று வைத்துவிட்டார்.

சர்வேயர் போய்க் கப்பலைத் தலைகீழாய்ப் புரட்டிப் பார்த்தார். ஒரு கிரேனின் கம்பிவடத்தை மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். மேல்தளத்தில் இறக்கைகளைக் கட்டிவைக்க இரும்புத் தாங்கிகள் எங்கே பற்றவைக்கவேண்டும் என்று குறித்துக் கொடுத்துவிட்டு ஒப்புதல் எழுதினார். மிச்சம் இருந்தது விலை. வெளிநாட்டுக் கப்பல் எப்படியும் அந்தத் திசையில் காலியாகப் போவது, அதனால் அடிமாட்டு விலை சொல்லியிருந்தது. அத்தான் அதே விலைக்கு வரவேண்டுமென்றால், குஜராத்திலிருந்து அவர் கப்பல் வெறுமனே திரும்பக் கூடாது.

விலை சொல்ல அவருக்கு இருந்த ஒன்றரை நாளும் எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. போன் அடித்தால் அவரோ என்று பார்த்தேன். நல்ல கேள்வியாகக் கேட்டாயிற்று, இனி என்ன பதில் வந்தாலும் அது அவர் பாடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் அவர் வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். தரகருக்கு ஆசை ஆகாது என்று தெரிந்தேதான் ஆசைப்பட்டேன்.

கெடு முடியுமுன் வந்தார். அதே விலை. உள்ளூர்க் கப்பலுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் குரல் கொடுக்கிறவர், குஜராத்தில் டைல்ஸ்காரர்கள் ஒருவரையும் விடாமல் கூப்பிட்டுப் பேசி, திரும்பும் வழிக்குச் சரக்குப் பிடித்திருந்தார். கோடம்பாக்கத்திலும் தி.நகரிலும் கட்டுகிற அடுக்குமாடிகளுக்கு வருகிற டைல்ஸ். லாரியில் வருவதைவிடக் குறைவாக விலை சொல்லி வாங்கிவிட்டாராம்.

"மேடம், ரெண்டாவது தபா சாதம் கேட்டவருக்கு மோரும் கீது போல" என்றார் சகா. அன்று அந்தக் கேலிக்கு நானும் சிரித்தேன்.

இறக்கைகள் ஏறி முடிந்து கப்பல் கிளம்பிய நாள் மாலை, அத்தான் பெசன்ட் நகர் கடற்கரைக்கு எங்களைக் கூப்பிட்டார். துறைமுகத்திலிருந்து தெற்கே திரும்புகிற கப்பல் அங்கிருந்து தெரியும். நானும் கணவரும் போனபோது, அவர் பழைய தொலைநோக்கியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மணலில் நின்றிருந்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது, பிறகு அதன் மேல் வெள்ளையாக நீளக் கோடுகள் தெரிந்தன. தொலைநோக்கியை முதலில் என் கணவரிடம்தான் கொடுத்தார்.

"பேஷா போறது" என்றார் கணவர். பார்த்துவிட்டு என்னிடம் தந்துவிட்டு, சோளம் வாங்கிவருவதாகச் சொல்லிக் கடைப் பக்கம் நடந்தார்.

"இப்ப ஒத்துக்கிடுதியா? முதல் உரிமைன்னு ஒண்ணு இருந்ததுனாலதான நீ என்னக் கேட்ட?" என்றார் அத்தான்.

"அந்த வெலைக்கு நீங்க எறங்கி வந்ததுனாலதான் கெடச்சுது. அத ஒத்துக்கிடுங்க மொதல்ல."

இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த கல்யாணத்துக்கு அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். என் கட்சி மாறவில்லை, அவர் கட்சியும் மாறாது. கப்பல் எங்களுக்கு நேராக வந்துவிட்டது. அதன் பின்புறத்தில் கொடி பறக்கிறதா என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. ஆனால் அவர் அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுவலகத்தில் அவர் சொல்லிவிட்டுப் போனது எனக்குள் இன்னும் நின்றிருந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டேன். பதில் தெரியாமல்தான் கேட்டேன்.

"அன்னைக்கு அப்பா ஒழுங்காக் கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லிருப்பீய அத்தான்?"

அவர் தொலைநோக்கியை என் கையிலிருந்து வாங்கிக் கப்பலை ஒரு தடவை பார்த்தார்.

"வேண்டாம்னுதான் பிள்ள சொல்லிருப்பேன். நீ அந்தப் பையனப் பாத்த பார்வை எனக்குத் தெரியாதா?" என்றார். தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "ஆனா அது நான் சொன்னதா இருந்திருக்கும்" என்றார்.